ஊரின் நான்கு காசு

ஆரம்பப் பள்ளி ஆசிரியனுடைய தொழில் எழுத்தறிவிப்பது என்று உலகம் நினைக்கிறது. ஆனால் கரிசல் சீமையின் சிற்றூர் ஒன்றில் நெடுங்காலம் தலைமையாசிரியனாக இருந்த எனக்கு, அந்தத் தொழிலில் பாதி பிள்ளைகளின் தேகத்தைப் பார்ப்பதும், மீதியில் பெரும்பகுதி அவர்களுக்காக ஊராரிடம் கேட்பதுமே என்று சொல்லத் தோன்றுகிறது.

பார்ப்பது வருகைப் பதிவேட்டோடு தொடங்கும். பெயரைக் கூப்பிடும்போதே, எவன் விரலிடுக்கில் சிரங்கு, எவள் கடைவாயில் புண் என்று கண் கணக்கெடுத்துவிடும். வெண்விழியில் நுரை படிந்தாற்போலத் திட்டு விழுந்திருக்கும் பையன் அந்தி மயங்கினால் வாசற்படியிலேயே இடறுகிறவன். அவனுக்கு வேண்டியவை கீரையும் சுறாமீன் எண்ணெயும் வைத்தியரும். காலையில் சரியாகப் போட்ட கணக்கையே உச்சிவேளையில் தவறாகப் போடுகிறவனை மந்தபுத்தி என்று தண்டிக்கும் உபாத்தியாயர், அவன் முந்தின இரவு என்ன சாப்பிட்டான் என்று விசாரிப்பது உத்தமம்.

1956இல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தபோது, ஊரார் மனமுவந்து கொடுப்பதைக் கொண்டே உலை வைக்க வேண்டியிருந்தது. மறு வருஷம் மானியம் வந்தது; சாப்பாடு ஒன்றுக்குப் பத்துக் காசு என்றும், அதில் ஆறு காசு சர்க்காருடையது, நான்கு காசு ஊருடையது என்றும் வகுத்தார்கள். அந்த நான்கு காசைச் சேர்ப்பதில்தான் என் சாமர்த்தியம் முழுவதும் செலவாயிற்று.

முழுவதையும் தாமே கொடுத்துவிடுவதாகச் சொல்லும் பெரிய மனிதர் ஒருவர் எந்த ஊரிலும் இருப்பார். அவரிடம் வணக்கத்தோடு பருப்பை மட்டும் வாங்கிக்கொள்வது விவேகம். ஏனெனில் ஒருவரே சோறு போட்டால், பிள்ளைகள் அவர் வீட்டு ஆட்களாக எண்ணப்படுவார்கள், அவருக்குக் கோபம் வந்த நாளில் அடுப்பும் அணைந்துவிடும். ஆகவே வீடுதோறும் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துவைக்கச் சொன்னேன். அரிசி இல்லாத வீட்டார் கம்பும் சோளமும் கொடுத்தார்கள். எந்தத் தெரு அரிசி எந்தப் பானைக்குப் போகிறது என்று சிலர் முணுமுணுத்தபோது, எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொட்டிவிட்டேன். கலந்த அரிசியைத் தெருவாரியாகப் புடைத்தெடுக்கும் முறம் எவரிடமும் இல்லை. பந்தியும் ஒன்றே என்றதில் இரண்டொரு வீட்டுப் பிள்ளைகள் சில காலம் வராமல் இருந்து, பிறகு வந்தார்கள்.

1958இல் கடம்பத்தூரில் ஆரம்பித்து, நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் கல்வி இயக்குநராக இருந்து மாகாணமெங்கும் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இந்தக் கேட்கும் வித்தையையே பெரிய அளவில் செய்துகாட்டின. மாநாட்டு மேடைக்கு முன் தயாரிக்கும் தேவைப் பட்டியலில் ‘கட்டட நிதி’ என்று எழுதினால் கைகள் மடியை விட்டு வரமாட்டா. ‘தண்ணீர்த் தவலை ஒன்று, பெஞ்சு இரண்டு, சுவர்க் கடிகாரம் ஒன்று’ என்று எழுதினால், தவலை கொடுத்தவர் அதில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க மறுவாரமே வந்து நிற்பார். பிடி அரிசி கொடுத்த பெண்களும் அப்படியே சாப்பாட்டு வேளையில் வந்து, எந்தக் குழந்தை சோற்றை அளைந்துவிட்டு எழுகிறது என்பதை என்னைவிட விரைவில் கண்டு, தாயிடம் போய்ச் சொன்னார்கள்.

பருத்தி எடுக்கப் போகும் தாய் இளைய குழந்தையை மூத்த பெண்ணிடம் விட்டுப்போவாள். அதனால் அந்தப் பெண்ணின் படிப்பு நிற்கும். குழந்தையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வரச் சொன்னேன். புளியங்கொட்டையைக் குவித்தும் கலைத்தும், மற்றவர்களின் பாட்டைக் கேட்டும் அங்கேயே வளர்ந்த குழந்தை, ஒன்றாம் வகுப்பில் சேரும்போது அழவில்லை, பேசக் கூசவுமில்லை. பதிவேட்டில் பெயரில்லாத வாய்க்குச் சோறிடச் சர்க்காரின் ஆறு காசில் இடமில்லை. ஊரின் நான்கு காசுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்று நானே அர்த்தம் செய்துகொண்டேன்.

1982 ஜூலையில் வந்த சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக் குழந்தையையும் கணக்கில் சேர்த்தது. பிடி அரிசி நின்றது. மழை பொய்த்த வருஷங்களில், பசி அதிகமான அதே சமயத்தில் ஊரின் பானையும் வற்றியதைக் கண்டவனாதலால், அதற்காக நான் வருந்தவில்லை. பெண்கள் உச்சிவேளையில் வருவது குறைந்ததைத்தான் எனக்குப் பின் வந்த தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் அதன்பின் வாரம் ஒரு நாள் முருங்கைக் கீரை கேட்கலானார்; கொண்டுவருகிறவர்களே உட்கார்ந்து ஆய்ந்தும் கொடுக்க வேண்டுமாம்.