பலகார எண்ணெயில் சலவைச் சோப்பு

தீபாவளிப் பலகாரம் சுட்டு முடிந்ததும் வாணலியில் மிஞ்சும் எண்ணெய் பல வீடுகளில் ஒரு சங்கடம். முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து என்று ஏழெட்டு ஈடு கண்ட எண்ணெய் கறுத்து, பிசுபிசுத்து நிற்கும். தாளிக்க எடுக்க மனம் வராது. கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். பொரித்த எண்ணெயில் துருவச் சேர்மங்கள் மொத்தம் 25 சதவீதத்தைத் தாண்டினால் அது சமையலுக்கு ஆகாது என்பது 2018 ஜூலை முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதை அளக்கும் கருவி வீடுகளில் இல்லை. நுரை, புகை, பிசுக்கு ஆகிய மூன்றும்தான் அடையாளம். சமையலுக்கு ஆகாத அந்த எண்ணெய் சோப்புக்கு ஆகும். பலமுறை காய்ந்த எண்ணெயில் கொழுப்பு அமிலங்கள் சற்றே பிரிந்து நிற்பதால், அது காரத்தோடு புது எண்ணெயைவிட விரைவாகவே சேர்கிறது.

சோப்பு என்பது எண்ணெயும் காரமும் சேர்ந்து இரண்டுமே இல்லாமல் போய்ப் பிறக்கும் மூன்றாவது பொருள். கூடவே கிளிசரின் பிரியும். சோப்புக்கட்டி வருவதற்கு முன்பு தமிழ்நாட்டில் காரம் மட்டும் வெளுக்கும் வேலையைச் செய்தது. புறநானூற்றின் 311ஆம் பாட்டில் வரும் சலவைப் பெண் களர்நிலத்தில் தோண்டிய கிணற்றில்தான் துணி வெளுக்கிறாள். உவர்மண் கரைசலில் தோய்த்த துணியை அடுக்கி ஆவியில் வேகவைக்கும் வெள்ளாவியும் அதே வழிதான். துணியில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கோடு காரம் சேர்ந்து, ஓரளவு சோப்பு துணியின் மேலேயே உண்டானது. எண்ணெயைத் தனியாகக் கொடுத்து அந்த வேலையை முன்கூட்டியே முடித்து வைப்பதுதான் சோப்புக்கட்டி.

கடைச் சோப்பைத் துருவி, சலவைச் சோடாவும் வெங்காரமும் கலந்து வைத்துக்கொள்வதையும் சிலர் சோப்பு செய்தல் என்கிறார்கள். அது கலவை, நல்ல கலவைதான், ஆனால் சோப்பு அங்கே ஏற்கெனவே யாரோ செய்தது. எண்ணெயிலிருந்து தொடங்க வேண்டுமானால் காஸ்டிக் சோடா வேண்டும். பெயரில்தான் குழப்பம். ஆப்ப சோடா மாவில் போடுவது, சலவைச் சோடா துணி ஊறவைப்பது. இரண்டும் எண்ணெயைச் சோப்பாக்கப் போதாது. காஸ்டிக் சோடா கெமிக்கல் கடைகளில் வெள்ளைச் சில்லுகளாகக் கிடைக்கும். அதன் பிறப்பு உப்பில்: தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரத்தில் உள்ளது போன்ற ஆலைகளில் உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி அதை எடுக்கிறார்கள். டப்பாவைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். நாளடைவில் சலவைச் சோடாவாகவே மாறிவிடும். பழைய டப்பாவை நம்பி அளந்தால் சோப்பு எண்ணெயாகவே நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அளவுதான் இந்த வேலையின் உயிர். உப்பு ஒரு சிட்டிகை, புளி ஒரு எலுமிச்சை அளவு என்று கண்ணளவில் சமைத்துப் பழகிய கைக்கு இது பிடிபடாது. ஒரு கிலோ தேங்காயெண்ணெய் முழுவதும் சோப்பாக 183 கிராம் காஸ்டிக் சோடா பிடிக்கும். கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ 136, சூரியகாந்திக்கு 135, பாமாயிலுக்கு 141, வேப்பெண்ணெய்க்கு 139. ஒரு எண்ணெயின் கணக்கை இன்னொன்றுக்குப் போட்டால் கட்டி கையை எரிக்கும், அல்லது துணியில் எண்ணெய் ஒட்டும். டம்ளர் கணக்கு உதவாது. கிராம் காட்டும் தராசு வேண்டும்.

பலகார எண்ணெய் மட்டும் தனித்து நின்றால் சோப்பு மெத்தென்று இருக்கும், நுரையும் குறையும். மொத்த எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தேங்காயெண்ணெய் சேர்வது நல்லது. அதன் லாரிக் அமிலம்தான் கட்டிக்குக் கெட்டித்தனமும் நுரையும் தருகிறது. தேங்காயெண்ணெய்ச் சோப்பு கடல்நீரில்கூட நுரைக்கும். 700 கிராம் கடலை எண்ணெய், 300 கிராம் தேங்காயெண்ணெய் என்றால் கணக்கு 150 கிராம் காஸ்டிக் சோடாவில் வந்து நிற்கும். அதில் நான்கைந்து கிராம் குறைத்து 145 போடுவது வழக்கம். சிறிதளவு எண்ணெய் மிஞ்சுவது, காரம் மிஞ்சுவதைவிட மேல். குளியல் சோப்பில் விடுவதுபோல் அதிகமாக மிச்சம் விட்டால் வேட்டி நாளடைவில் பழுப்பேறும்.

எண்ணெயைத் துணியில் வடிகட்டி, தண்ணீரும் கொஞ்சம் உப்பும் சேர்த்துக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் கருகல் அடியில் தங்கும். மேலே மிதக்கும் எண்ணெயில் வடை வாசனை பாதி போயிருக்கும். காரக் கரைசல் கொல்லையிலோ மொட்டை மாடியிலோ தயாராக வேண்டும். குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. 350 மில்லி தண்ணீரை எவர்சில்வர் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, அதில் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றுவது ஒருபோதும் கூடாது, பொங்கித் தெறிக்கும். அடுப்பே இல்லாமல் பாத்திரம் தொட முடியாத அளவு சுடும், மூக்கை அறுக்கும் ஆவி எழும். அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது: காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பிவிடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

கரைசலும் எண்ணெயும் கைபொறுக்கும் சூட்டுக்கு இறங்கியதும், எண்ணெயில் கரைசலை நூலாக ஊற்றிக் கடைய வேண்டும். இதற்கென்று ஒதுக்கிய மரமத்து போதும். ஹேண்ட் பிளெண்டர் இருந்தால் சில நிமிட வேலை. முதலில் எண்ணெய் தெளிவு கெட்டுக் கலங்கும், பிறகு வெளுக்கும், மோர்க்குழம்புபோல் கனக்கும். கரண்டியைத் தூக்கிச் சொட்டவிடும்போது விழுந்த கோடு மேலே கொஞ்சம் நின்று மறைந்தால் பதம் வந்துவிட்டது. இந்த ஒரு இடத்தில்தான் தராசு ஒதுங்கிக்கொண்டு கைப்பக்குவம் பேசுகிறது. உடனே பட்டர் பேப்பர் விரித்த தட்டில் ஊற்றி மூட வேண்டும். இரவில் தொட்டுப் பார்த்தால் தட்டு வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே வேலை நடக்கிறது.

ஓரிரு நாளில் கத்தி இறங்கும் பதத்துக்கு இறுகியதும் துண்டு போடலாம். ஒன்றரைக் கிலோ ஈரக் கலவையில் 100 கிராம் கட்டிகள் பதினைந்து வரும். அவற்றை இடைவெளிவிட்டு நிழலில் நான்கு வாரம் உலர்த்துகிறார்கள். ஈரம் போகப்போகக் கட்டி இலேசாகும், கெட்டிப்படும். அந்தக் காலச் சோப்புக்காரர்கள் நுனிநாக்கில் தொட்டுப் பார்ப்பார்கள். சுரீரென்றால் காரம் மிச்சம் இருக்கிறது என்று பொருள். இப்போது பி.எச். தாள் இருக்கிறது. 9லிருந்து 10க்குள் காட்டினால் சோப்பு சரி.

சோப்பு சரியாக அமைந்தும் துணி சரியாக வெளுக்காமல் போவதுண்டு. குற்றம் தண்ணீரில். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துத் திரையாக்கி, வாளியின் விளிம்பில் வெள்ளைத் திப்பியாக ஒட்டவைக்கும். 1959இல் சர்ஃபும் 1969இல் நிர்மாவும் இந்தியச் சந்தைக்கு வந்து துணிச் சோப்பை ஓரங்கட்டியதற்கு விளம்பரத்தோடு இதுவும் ஒரு காரணம்: டிடர்ஜெண்ட் உப்புத் தண்ணீரில் திரையாது. சோப்பு போடுமுன் வாளித் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்தால் திரை பெரிதும் குறையும். மழைநீரிலோ காவிரிக் குடிநீரிலோ அந்தச் சோப்பே வேறு சோப்பாக நுரைக்கும்.

பருத்தி வேட்டி, துண்டு, படுக்கை விரிப்பு, சமையலறைத் துணி இவற்றுக்குத்தான் இந்தக் கட்டி. பட்டும் கம்பளியும் காரத்தில் நைந்துபோகும். அவற்றுக்குப் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர் மேல். புதுத் தேங்காயெண்ணெய் வாங்கியே முழுக்கச் செய்வதென்றால் கடைச் சோப்பைவிடச் செலவு ஏறிவிடும். பலகார எண்ணெய் இருக்கிற வீட்டுக்குத்தான் இது கட்டும். அந்தக் கட்டிகளை மூன்று நான்கு மாதத்தில் தீர்த்துவிடுவது நல்லது. நாளானால் மேலே ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தோன்றி, சிக்கெடுத்த எண்ணெய் வாடை கிளம்பும். அப்படிப்பட்ட கட்டி தரை துடைக்கப் போகும்.