அத்தையின் வலது கண்

"புரை முத்தட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்." இந்த வார்த்தையை எங்கள் வீட்டில் நாலு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தோம். சொன்னவர்களில் நானும் ஒருத்தி. என் மாமியாரின் இடது கண் அப்படித்தான் போயிற்று. எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர்களுக்கு இடது கண் மங்க ஆரம்பித்தது 2014-ல். அத்தையுடைய அம்மாவுக்கு அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமில் ஆபரேஷன் ஆகி, சோடாபுட்டிக் கண்ணாடியோடு கடைசிவரை இருந்தார்களாம். அப்போதெல்லாம் உள்ளே லென்ஸ் வைக்கிற வழக்கம் இல்லை. புரை நன்றாக முற்றிய பிறகுதான் எடுப்பார்கள். அதே நினைப்பில் நாங்களும் காத்திருந்தோம்.

2018-ல் மதுரைக்கு அழைத்துப் போனோம். டாக்டரம்மா டார்ச் லைட்டை இந்தக் கண்ணுக்கும் அந்தக் கண்ணுக்கும் மாற்றி மாற்றி அடித்தார்கள். வெளிச்சம் பட்டால் கண்ணின் பாப்பா சுருங்கணும் இல்லையா? வலது கண்ணிலிருந்து இடது கண்ணுக்கு வெளிச்சம் வந்ததும், இடது பாப்பா சுருங்காமல் மெள்ள விரிந்தது. "எவ்வளவு புரை இருந்தாலும் பாப்பா இப்படிப் பண்ணாதும்மா. இது நரம்பு" என்றார்கள்.

கிளாகோமா. கண்ணுக்குள் ஊறுகிற நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிற வியாதி. அத்தைக்கு வந்த வகையில் வலி கிடையாது, சிவப்பு கிடையாது. அழுத்தம் சாதாரணமாக 10-லிருந்து 21 வரை இருக்குமாம். அத்தையின் வலது கண்ணிலேயே 28 இருந்தது. லாந்தர் விளக்கின் சிம்னியில் புகை படிந்தால் சாம்பல் போட்டுத் துடைத்துவிடலாம். திரியே கருகிப் போனால் என்ன செய்ய? புரை சிம்னிப் புகை. கிளாகோமா திரியில் வருவது. இடது கண்ணில் திரி போய்விட்டது. புரையை எடுத்தும் பிரயோஜனம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

வலது கண்ணுக்கு அன்றிலிருந்து தினமும் சொட்டு மருந்து. அழுத்தம் 15-க்கு இறங்கி அப்படியே நின்றது. அப்பாடா என்று இருந்தபோது, 2022-ல் அந்தக் கண்ணிலும் புரை வளர்ந்துவிட்டது!

வீட்டில் பெரிய பஞ்சாயத்து. கோயமுத்தூரிலிருந்து என் நாத்தனார் போனிலேயே அழுதாள். "மதினி, இருக்கிற ஒத்தைக் கண்ணிலயா கத்தி வைக்கப் போறீங்க? தெரிகிற வரைக்கும் தெரியட்டுமே." கொழுந்தனாரோ, "இப்பல்லாம் அது பத்து நிமிஷ வேலை, காலையில் போய்ட்டு மத்தியானம் சோத்துக்கு வந்துடலாம்" என்றார். என் வீட்டுக்காரர் வழக்கம்போல இரண்டு பேருக்கும் தலையாட்டினார்.

டாக்டரம்மாவிடம் போனோம். அவர்கள் உடனே தேதி சொல்லவில்லை. "எது எது தெரியலைங்கிறாங்கன்னு ஒரு மாசம் பார்த்து எழுதிட்டு வாங்க" என்று என்னிடம் சொன்னார்கள். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். சாயங்காலம் விளக்கைப் போட்டால் கண் கூசுகிறது. முருங்கைக் கீரையில் பழுப்பு இலை தெரியவில்லை. மல்லிகையும் கனகாம்பரமும் சேர்த்துக் கட்டும்போது நிறம் மங்கலாக இருக்கிறதாம். தினசரி காலண்டரில் கொட்டை எழுத்து கூட மூட்டமாகத் தெரிகிறது. இடது பக்கம் வைத்த டம்ளரைத் தட்டிவிடுகிறார்கள். வாசல்படி, முக்காலி இவற்றில் இடித்துக்கொள்கிறார்கள்.

டாக்டரம்மா நோட்டை வாங்கி முதல் நாலுக்குக் கீழே ஒரு கோடு போட்டார்கள். "மேலே இருக்கிறது பெரும்பாலும் புரை. எடுத்தா சரியாக வாய்ப்பு உண்டு. கீழே இருக்கிறது நரம்பு. மூக்குப் பக்கமும் கீழ்ப் பக்கமும் பார்வை போயிருக்கு, அது திரும்பாது." நடுப்பார்வை எவ்வளவு மிச்சம் என்று பார்க்கத் தனியாக ஒரு பரீட்சையும் வைத்தார்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் வர வர பொத்தானை அமுக்கணும். நடுவில் ஒரு சின்ன இடம் நன்றாக இருந்தது.

அந்தச் சின்ன இடத்தைப் பற்றித்தான் பயமே. எல்லாருக்கும் இருக்கிற ஆபத்துகள், சீழ் பிடிப்பது போன்றவை, அத்தைக்கும் உண்டு. ஒற்றைக் கண் என்பதால் நடந்துவிட்டால் ஈடு கிடையாது. அதற்கு மேலேயும் சில உண்டு. ஆபரேஷன் முடிந்த முதல் சில மணி நேரத்தில் கண்ணின் அழுத்தம் திடீரென்று எகிறலாம். உள்ளே வேலை செய்யும்போது பாதுகாப்புக்காக விடுகிற பசை மாதிரியான மருந்து கொஞ்சம் தங்கிவிட்டால் கூட அப்படி ஆகுமாம். நல்ல நரம்பு அதைத் தாங்கிக்கொள்ளும். நைந்த நரம்பு தாங்காமல், மிச்சம் இருக்கிற நடுப்பார்வையும் அணைந்துவிடலாம். அபூர்வம்தான், ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றார்கள். கண்ணுக்குப் பின்னால் போடுகிற மரப்பு ஊசியும் நரம்பை அழுத்தக்கூடும் என்பதால், அசையாமல் படுக்க முடிந்தால் சொட்டு மருந்திலேயே மரத்துப்போகச் செய்கிறேன் என்றார்கள். பிறகு போடுகிற ஸ்டீராய்டு சொட்டும் சிலருக்கு அழுத்தத்தை ஏற்றும். கிளாகோமாக்காரர்களுக்கு அந்தச் சுபாவம் அதிகம். (கண் சிவந்தால் மருந்துக் கடையில் தானாகவே சொட்டு வாங்கிப் போட்டு, மிச்சத்தை எடுத்து வைத்து அடுத்த தடவையும் போடுகிறோமே, அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று யாராவது பார்க்கிறோமா? எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் அப்படிச் செய்கிறார்கள்.)

"அப்ப வேண்டாமா?" என்று இவர் கேட்டார்.

"வேண்டாம்னா அதிலயும் ஆபத்து இருக்கு" என்றார்கள் டாக்டரம்மா. புரை கல்லாக இறுகிவிட்டால் அதை உடைத்து எடுக்க அதிக நேரம், கண்ணுக்கு அதிக ரணம். சில பேருக்கு அது ஊதி, நீர் வடிகிற வழியையே அடைத்துவிடும். அழுத்தம் ஒரே நாளில் ஏறும். புரை மறைத்தால் நரம்பு கெடுகிறதா என்று டாக்டருக்கே சரியாகத் தெரியாது. எடுத்தால் சிலருக்கு அழுத்தம் கொஞ்சம் இறங்கவும் செய்யுமாம். எனக்கு இது ஆச்சரியமாக இருந்தது. சும்மா இருப்பதுதான் பத்திரம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே! இடது கண்ணுக்கு நாங்கள் செய்ததும் சும்மா இருந்ததுதானே.

அதுவரை அத்தையை யாருமே கேட்கவில்லை. அவர்களே கேட்டார்கள்: "பண்ணாட்டி எனக்கு எத்தனை நாள் தெரியும்?"

"சொல்ல முடியாதும்மா. மூட்டம் மட்டும் ஏறிக்கிட்டே போகும்."

அத்தை கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். "பண்ணிடுங்க. அந்தக் கண்ணு நீங்கள்லாம் பேசிப் பேசிப் போச்சு. இது போனாலும் நான் சொல்லிப் போனதா இருக்கட்டும்."

என்னை அவர்கள் பார்க்கவில்லை. ஆனாலும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

தூரமும் கிட்டமும் சேர்ந்து தெரிகிற விலை உயர்ந்த லென்ஸ் போடலாம் என்று கொழுந்தனார் பணம் அனுப்புவதாகச் சொன்னார். டாக்டரம்மா மறுத்துவிட்டார்கள். அந்த லென்ஸ் வெளிச்சத்தைப் பங்கு போடுமாம். நரம்பு நைந்தவர்களுக்கு நிழலும் நிறமும் இன்னும் மங்கலாகிவிடும். சாதாரண லென்ஸே போதும், படிக்க மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும் என்றார்கள். மதுரையிலேயே ஆரோலாப் 1992-ல் லென்ஸ் செய்ய ஆரம்பித்ததிலிருந்து அதற்கு விலையும் எட்டாத விலை இல்லை.

ஆபரேஷன் இருபது நிமிஷத்தில் முடிந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று எங்களை விடவில்லை. சாயங்காலம் அழுத்தம் பார்த்தார்கள்: 26. எனக்குக் கை கால் ஓடவில்லை. மாத்திரை கொடுத்தார்கள். இரவு ஒரு தடவை பார்த்தார்கள். காலையில் 17. அன்று பத்து நிமிஷ வேலை என்று வீட்டுக்குக் கிளம்பியிருந்தால்? அதை நினைக்கவே பிடிக்கவில்லை. கிளம்பும்போது எந்தப் பழைய சொட்டைத் தொடரணும், எதை நிறுத்தணும், ஸ்டீராய்டை எத்தனை நாளில் எப்படிக் குறைக்கணும் என்று எழுதி வாங்கிக்கொண்டேன். பாட்டில் மூடிகளில் 1, 2, 3 என்று பிளாஸ்டர் ஒட்டினேன். முதல் மாதம் வாரம் தவறாமல் அழுத்தம் பார்த்தோம்.

நாலாம் நாள் அடுக்களைக்குள் வந்த அத்தை, "ஏம்மா, அடுப்புக்குப் பின்னால இந்தச் சுவரை எத்தனை வருஷமாத் துடைக்கலை?" என்றார்கள். எனக்கு ரோஷம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. கனகாம்பரத்தின் நிறம் தெரிகிறது. காலண்டரில் ராகு காலம் அவர்களே பார்க்கிறார்கள். முக்காலியில் இன்னும் இடித்துக்கொள்ளத்தான் செய்கிறார்கள். அதனால் அதைப் பரணில் போட்டுவிட்டோம். டம்ளரை வலது பக்கம் வைக்கிறோம். வாசல்படி ஓரத்தில் மஞ்சள் பெயிண்ட் கோடு அடித்திருக்கிறார் இவர். அழுத்தச் சொட்டு மட்டும் ஆயுசுக்கும் உண்டு. ராத்திரி ஒன்பது மணிக்கு நானே விடுகிறேன்.

அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். இவரும் கொழுந்தனாரும் பார்த்துக்கொண்டுவிட்டார்கள். கொழுந்தனாருக்கு அழுத்தம் 23, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள். நாத்தனார்தான் எனக்கென்ன, நன்றாகத் தெரிகிறதே என்று தட்டிக்கழிக்கிறாள். பொங்கலுக்கு வருவாள். மறுநாளைக்கே டாக்டரம்மாவிடம் டோக்கன் போட்டு வைத்திருக்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.