அழித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்

பிளே ஸ்டோருக்குக் கமிஷன் கொடுக்க மனமில்லாமல், என் கேமை ஏபிகே என்ற ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பாக என் தளத்திலேயே வைத்து விற்றேன். காரணம் கேட்டவர்களிடம், "நூறு ரூபாய் வந்தால் முப்பதை கூகுள் பிடுங்கிக்கொள்கிறது" என்று பொரிந்து தள்ளுவேன். அது பொய். 2021 ஜூலையிலிருந்து, பதிவு செய்துகொண்டால் ஆண்டின் முதல் 10 லட்சம் டாலர் வரை 15 சதவீதம்தான். அந்த எல்லையை என் கேம் கனவில்கூடத் தொட்டதில்லை. முப்பது என்று சொன்னால்தான் வீரமாக இருந்தது.

வாங்கியவர்களிடம், வெளியிலிருந்து வரும் செயலிகளை ஏற்றும் அனுமதியைத் திறந்துவிடச் சொன்னேன். எச்சரிக்கை வந்தால் கண்டுகொள்ளாதீர்கள் என்றேன். வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள் என்று மட்டும் எழுதவில்லை, பயந்து ஓடிவிடுவார்களே!

ஆபத்து தெரியாமல் இல்லை. 2018 ஆகஸ்டில் எபிக் கேம்ஸ், ஆண்ட்ராய்டுக்கான ஃபோர்ட்நைட்டை இப்படித்தான் நேரடியாக இறக்கியது. அதன் இன்ஸ்டாலர் பதிவிறக்கும் கோப்பை, போனிலுள்ள வேறொரு செயலி நடுவில் புகுந்து மாற்றிவிடலாம் என்று கூகுள் கண்டுபிடித்தது. எபிக் இரண்டே நாளில் ஓட்டையை அடைத்தது. அதைப் படித்துவிட்டு, "அவர்கள் பெரிய மீன், என்னை யார் சீண்டப்போகிறார்கள்" என்று சிரித்தேன்.

பிறகு புகார்கள் வந்தன. "புது வெர்ஷன் ஏற மாட்டேங்குது சார், பழைய பேக்கேஜோட மோதுதுன்னு வருது." ஆண்ட்ராய்டில் அப்டேட் என்றால், பழையதற்குப் போட்ட அதே சாவியால் கையொப்பம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் போன் மறுத்துவிடும். இந்தத் தொழிலில் இது அரிச்சுவடி. என் சாவி மாறவில்லை. அப்படியானால் பழையதோ புதியதோ, ஏதோ ஒன்று என்னுடையதல்ல. டெலிகிராமில் யாரோ பிரித்து, எதையோ செருகி, மறுபடி கட்டிவிட்ட நகல். அது எனக்கு உறைக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். உறைத்தது. கோப்பு எங்கே கிடைத்தது என்று கேட்டால் பேச்சு நீளும், விஷயம் பரவும், விற்பனை படுக்கும். "பழையதை அழித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்" என்று எல்லோருக்கும் ஒரே பதிலை ஒட்டினேன். புதியது போலியாக இருந்தால், அதைத் தடுத்துக்கொண்டிருந்தது அந்த மறுப்பு ஒன்றுதான். அதையும் விலக்க வழி சொல்லிக்கொடுத்தேன்.

இப்போது கேம் பிளே ஸ்டோரில் இருக்கிறது, கமிஷனும் கட்டுகிறேன். அந்தப் பதிலைப் பெற்றவர்களின் மின்னஞ்சல் முகவரிகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. இன்னும் ஒருவருக்கும் எழுதவில்லை. எழுதினால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.