மணியடிச்சா சோறு!

கொரியன் சீரியலில் ஹீரோ உருகி உருகிக் காதலைச் சொல்லும்போது, 'ஐயோ, முன்னால கொதிக்கிற அந்தச் சூப் ஆறிப்போகுதே' என்று கவலைப்படுகிற கோஷ்டியா நீங்க? கையைக் கொடுங்க பாஸ்! இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

செமஸ்டர் லீவில் பத்து நாள் பயிற்சி வகுப்புக்காகத் தென்கொரியத் தலைநகர் சியோல் போகும் வாய்ப்பு கிடைத்தது. பகல் முழுக்க வகுப்பு. சாயங்காலம் முழுக்க வயிறு. சுற்றியது எல்லாம் ஒரே ஏரியாதான். பேரு ஜோங்னோ. 'மணித் தெரு' என்று அர்த்தம். ஜோசொன் மன்னர்கள் காலத்தில் இங்கே இருந்த பெரிய மணியை விடியற்காலையில் 33 தடவை அடித்தால் கோட்டைக் கதவுகள் திறக்கும். ராத்திரி 28 தடவை அடித்தால் மூடும். இப்பவும் டிசம்பர் 31 நள்ளிரவில் 33 தடவை மணி அடித்துத்தான் புது வருஷத்தை வரவேற்கிறார்கள். நம்ம ஹாஸ்டல்லதான் மணியடிச்சா சோறுன்னு நினைச்சேன். இங்கே ஒரு ஊரே மணியைச் சுற்றிச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கு!

அரண்மனை, புத்தர் கோயில், ஓடு வேய்ந்த பழைய வீடுகள் என்று சியோலின் சரித்திரத்தில் பாதி இந்த வட்டாரத்தில்தான். அதனால், நூறு வருஷத்து ஓட்டல் என்றதும் கரி படிந்த உத்தரமும் தேய்ந்த வாசற்படியும் இருக்கும் என்றுதான் நீங்களும் எதிர்பார்ப்பீர்கள். போய்ப் பார்த்தால் பல கடைகள் நேற்று கட்டின மாதிரி இருக்கும். ஏமாந்துடாதீங்க! ஜோங்னோவில் ரொம்பப் பழசு எதுவென்றால், சுவர் இல்லை, சட்டிக்குள் கொதிப்பதுதான். ஏன் அப்படி என்பதில் ஒரு கதை இருக்கு. மெட்ரோ முதல் லைனில் ஜோங்கக், ஜோங்னோ 3, ஜோங்னோ 5 என்று அடுத்தடுத்து மூன்றே ஸ்டேஷன். வாங்க, மேற்கிலிருந்து கிழக்காக நடந்துக்கிட்டே சாப்பிடலாம்.

குதிரைக்கு ஒளிஞ்ச சந்து

அந்தக் காலத்தில் மெயின் ரோட்டில் பெரிய அதிகாரிகள் குதிரையில் வருவார்கள். வந்தால் சாதாரண ஜனங்கள் அவர்கள் கடந்து போகும்வரை குனிந்து நிற்க வேண்டும். நாலு எட்டு நடப்பதற்குள் நாப்பது கும்பிடு போட்டால் எப்படி வேலைக்குப் போறது? ஜனங்கள் மெயின் ரோட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு குறுகலான சந்து வழியாக நடக்க ஆரம்பித்தார்கள். அதன் பேரே பிமத்கோல். 'குதிரையைத் தவிர்க்கும் சந்து' என்று பொருள். ஜனங்கள் நடக்கிற இடத்தில் கடை முளைக்காமல் இருக்குமா? சூப்புக் கடை, அடைக் கடை, கள்ளுக் கடை எல்லாம் வரிசை கட்டின. விலையும் சல்லிசு.

அதெல்லாம் 2000-களின் கடைசி வரைதான். 'மறு மேம்பாடு' என்ற பெயரில் சந்தின் பெரும்பகுதி இடிக்கப்பட்டு ஆபீஸ் கோபுரங்கள் எழுந்தன. 1937-ல் தொடங்கிய சோங்ஜினோக் என்ற சூப்புக் கடையும் 2008-ல் மூட்டை கட்டிப் பக்கத்திலேயே வேறு கட்டடத்துக்குப் போனது. அதற்கு அப்புறமும் இடம் மாறியது.

இங்கே கிடைப்பது ஹேஜாங்குக். முந்தின ராத்திரி போட்ட மப்பு தெளியக் குடிக்கும் சூப். முட்டைக்கோஸ் மேல் இலை, மாட்டுக் குடல், உறைந்த ரத்தம் எல்லாம் போட்டுக் கொதிக்க வைத்தது. முகம் சுளிக்காதீங்க, நம்ம ஊர்லயும் ரத்தப் பொரியல் உண்டுதானே? தொடக்கத்தில் இதைக் குடித்தவர்கள் குடிகாரர்கள் இல்லை. விடியுமுன் விறகு விற்க நகரத்துக்கு வந்தவர்கள். குளிரில் நடந்து வந்தவர்களுக்கு ஒரு சட்டி சூடு. இப்போது அதே சூப்பை டை கட்டின ஆபீஸ்காரர்கள் உறிஞ்சுகிறார்கள். விறகு போச்சு, சந்து போச்சு, சூப்பு போகலை.

உப்பில்லாப் பண்டம்

ஜோங்கக் ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் இமுன் சொல்லோங்தாங். சியோலில் இன்றும் நடக்கும் ஓட்டல்களில் மிகப் பழையது என்று சொல்லப்படுவது. தொடங்கியது 1904 என்பது பொதுவான கணக்கு. மெனுவில் ராஜா ஒருத்தர்தான்: சொல்லோங்தாங். மாட்டு எலும்பையும் கறியையும் மணிக்கணக்கில் கொதிக்க வைத்தால், தண்ணீர் பால் மாதிரி வெளுத்துவிடும். அதற்குள் சோறும் மெல்லிய நூடுல்ஸும்.

முதல் ஸ்பூன் வாயில் வைத்தால் 'என்னய்யா இது, சப்புன்னு இருக்கு' என்று தோன்றும். சமையல்காரர் மேல் தப்பில்லை. உப்பு போடாமல்தான் கொண்டுவருவார்கள். உப்பும் நறுக்கின வெங்காயத்தாளும் மேஜையிலேயே இருக்கும். உங்க நாக்குக்கு நீங்களே போட்டுக்கணும். பக்கத்தில் பார்த்துக் கற்றுக்கொண்ட டெக்னிக்: முள்ளங்கிக் கிம்ச்சியின் சிவப்புச் சாறை ஒரு ஸ்பூன் சூப்புக்குள் விடணும். அப்படியே தூக்கிடும்!

பேருக்குப் பின்னாலும் ஒரு கதை. வசந்த காலத்தில் மன்னர் ஒரு பலிமேடையில் விவசாயக் கடவுளுக்குப் பூஜை செய்து, தானே ஏர் பிடித்து உழுவாராம். அப்புறம் மாட்டைச் சமைத்து, எல்லாருக்கும் பங்கு வரணும் என்று தண்ணீர் ஊற்றிச் சூப்பாக்கிக் கொடுப்பார்களாம். அந்த மேடையின் பெயர் சொன்னோங்தான். அதுவே திரிந்து சூப்பின் பெயர் ஆனது என்பார்கள். மங்கோலியச் சொல்லிலிருந்து வந்தது என்று இன்னொரு கட்சி. சண்டையை அவங்க போடட்டும், நாம சூப்பைக் கவனிப்போம்.

1936 பெர்லின் ஒலிம்பிக் மாரத்தானில், அடிமைப்பட்ட நாட்டவராக ஜப்பான் கொடியின் கீழ் ஓடித் தங்கம் ஜெயித்த சோன் கீ-ஜோங் இந்தக் கடையின் வாடிக்கையாளர் என்று சொல்கிறார்கள். ஆனால் அவர் உட்கார்ந்த மேஜையைத் தேடாதீங்க. மறு மேம்பாட்டுக்காக இந்தக் கடையும் 2011-ல் கோங்ப்யோங் பகுதியிலிருந்து இப்போதைய இடத்துக்கு வந்ததுதான்.

தரைக்குக் கீழே ஒரு தெரு

சாப்பிட்டது செரிக்கணுமா? அதே கோங்ப்யோங் பகுதியில் 26 மாடிக் கோபுரம் ஒன்று நிற்கிறது. அதன் முதல் அடித்தளத்துக்கு இறங்குங்க. டிக்கெட் இல்லை. கண்ணாடித் தரைக்குக் கீழே ஜோசொன் காலத்து வீடுகளின் அஸ்திவாரம், முற்றம், சந்து எல்லாம் அப்படியே கிடக்கின்றன! கோபுரத்துக்குத் தோண்டியபோது கிடைத்தவை. 2018-ல் மியூசியமாகத் திறந்தார்கள். கிடைத்ததை மொத்தமாகப் பாதுகாத்ததற்குப் பதிலாக, கோபுரம் கட்டினவர்களுக்குக் கூடுதல் தளப்பரப்பு கட்ட அனுமதி. இதற்குக் 'கோங்ப்யோங் விதி' என்றே பேர் வந்துவிட்டது.

நான் சிவில் மூன்றாம் வருஷம். எங்க பாடத்தில் 'சைட்டைக் காலி செய்தல்' என்பது ஒரே வரி. அந்தக் கண்ணாடி மேல் நின்றபோதுதான் அந்த ஒரு வரிக்குள் எத்தனை அடுப்பு அணையும் என்று உறைத்தது. விதி நல்ல விதிதான். ஆனால் சலுகை, மண்ணுக்குள் கிடந்த சுவருக்கு. மண்ணுக்கு மேல் சட்டி வைத்துப் பிழைத்தவர் தானே இடம் பார்த்துக்கணும். எழுபது, நூறு வருஷக் கடைகள் இடம் மாறியும் பிழைத்தது, வாடிக்கையாளர்கள் சூப்பைத் தேடிப் பின்னாலேயே போனதால்தான். சின்னக் கடைகளைத் தேடி யார் போவார்?

பெருங்காயம் கூடாது!

'எல்லாம் மாடும் பன்றியுமா இருக்கே, நான் சைவம்' என்று முனகுவது காதில் விழுது. ஜோக்யேசா புத்தர் கோயிலுக்கு எதிரே பாரு கோங்யாங் இருக்கு. கொரியாவின் மிகப் பெரிய பௌத்தப் பிரிவான ஜோக்யே சங்கம் 2009-ல் தொடங்கிய கோயில் சாப்பாட்டுக் கடை. மிஷெலின் கையேட்டின் முதல் சியோல் பதிப்பிலேயே, அதாவது 2017 பதிப்பில், ஒரு நட்சத்திரம் வாங்கியது. கறி, மீன் மட்டுமில்லை. பூண்டு, வெங்காய வகைகளும் கிடையாது. பௌத்த நூல்கள் விலக்கிய ஐந்து கார வாசனைப் பொருட்களில் ஐந்தாவது எது தெரியுமா? பெருங்காயம்! வெங்காயம், பூண்டு சேர்க்காத நம்ம ஊர்ச் சமையலில் அந்தக் குறையைத் தீர்ப்பதே பெருங்காயம்தான். அவங்க லிஸ்ட்ல அதுவும் அவுட்.

'பாரு' என்பது துறவியின் கிண்ணம். மடத்தில் சாப்பிட்டு முடித்ததும், ஒரு துண்டு முள்ளங்கியோ கிம்ச்சியோ வைத்துக் கிண்ணத்தைத் தண்ணீரில் கழுவி, அந்தத் தண்ணீரையும் குடித்துவிடுவார்கள். ஒரு பருக்கை வீணாகாது. மெஸ்ஸில் தட்டோடு கொட்டும் மகாஜனங்களே, கவனிக்க! விலை மட்டும் கொஞ்சம் கடிக்கும். நாலு பேர் சேர்ந்து, முன்பதிவு செய்து, ஒருத்தர் பிறந்தநாளைச் சாக்கு வைத்துப் போகலாம்.

காப்பாத்தியும் போச்சு

அடுத்த ஸ்டேஷன் ஜோங்னோ 3. வெளியே வந்தால் இக்ஸொன்-தோங். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் ஒதுங்க வேண்டிய சந்துகள். இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள். 1920, 30-களில் இவற்றைக் கட்டியவர் ஜோங் செ-குவோன் என்ற கட்டட முதலாளி. ஜப்பானியர் வீடுகள் வடக்கே பரவி வந்த காலத்தில், பெரிய மனைகளை வாங்கித் துண்டு போட்டு, நடுத்தரக் கொரியக் குடும்பம் வாங்குகிற அளவுக்குச் சின்னச் சின்ன வீடுகளாகக் கட்டி விற்றார். சம்பாதித்த காசில் கொரிய மொழிச் சங்கத்துக்குக் கட்டடமே கொடுத்தார். 1942-ல் அந்தச் சங்கத்தை ஜப்பானிய அரசு நசுக்கியபோது இவரும் போலீஸில் மாட்டிச் சித்திரவதைப்பட்டார். சிவில் பசங்களுக்கு இதைவிட ஹீரோ வேணுமா?

இந்த இடத்தையும் 2004-ல் இடிப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். திட்டம் இழுத்துக்கொண்டே போய், கடைசியில் 2018-ல் இதைப் பாரம்பரிய வீடுகளின் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது நகராட்சி. சுபம் போட்டுடலாமா? பொறுங்க. அதற்குள் இளசுகள் கூட்டம் பெருகி, வாடகை எகிறி, பழைய குடித்தனக்காரர்கள் பலர் கிளம்பிவிட்டார்கள். இப்போது ஒரு வீட்டில் கேக், அடுத்த வீட்டில் பாஸ்தா. அழகு இருக்கு, கூட்டம் இருக்கு, போட்டோவுக்கு சூப்பர். வீடு இருக்கு, வீட்டுக்காரர் இல்லை. பிமத்கோலில் நடந்ததை அப்படியே திருப்பிப் போட்டால் இக்ஸொன்-தோங்.

மழை வந்தா அடை

கடைசி ஸ்டாப், ஜோங்னோ 5. குவாங்ஜாங் மார்க்கெட். ஜப்பானியர் கை ஓங்கிய 1905-ல் கொரிய வியாபாரிகள் சேர்ந்து தொடங்கியது. பட்டுத் துணி ஒரு பக்கம், சாப்பாடு மறுபக்கம். உள்ளே நுழைந்ததும் காதில் விழுகிற சத்தம் நம்ம வீட்டுச் சத்தம். ஆமாங்க, கிரைண்டர்! ஊறவைத்த பாசிப்பருப்பைக் கல் எந்திரம் சுற்றிச் சுற்றி அரைக்கிறது. அந்த மாவில் பயறு முளையும் கிம்ச்சியும் போட்டு, எண்ணெயில் மிதக்கவிட்டுச் சுட்டால் பிந்தேத்தோக். பருப்படையின் ஒன்றுவிட்ட தம்பி. வெளியே மொறுமொறு, உள்ளே மெத்து மெத்து. பல கடைகளில் பன்றிக்கறி சேர்ப்பார்கள், கேட்டு வாங்குங்க. மழை பெய்தால் நமக்கு பஜ்ஜி ஞாபகம் வருமே, அவங்களுக்கு இது. எண்ணெய் பொரிகிற சத்தமும் மழைச் சத்தமும் ஒண்ணுதான் என்கிறார்கள்.

பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்காரணும். பரிமாறும் அம்மாவை எல்லாரும் 'இமோ' என்கிறார்கள். அம்மாவின் தங்கையோ அக்காவோ, அதுதான் இமோ. அதாவது நம்ம சித்தி, பெரியம்மா! நான் தயங்கித் தயங்கி 'இமோ' என்றதும், முதுகில் ஒரு தட்டு தட்டி, கிம்ச்சியை இன்னும் ஒரு கை அள்ளி வைத்தார்.

எல்லாம் தேன் இல்லை. 2023-ல் இங்கே ஒரு கடையில் 15,000 வோனுக்குக் கொஞ்சூண்டு அடைத் துண்டுகள் வைத்தது வீடியோவாகி நாடே கொதித்தது. அதற்கப்புறம்தான் விலையோடு அளவையும் எழுதி வைக்கணும் என்ற பேச்சு வந்தது. அதனால் பலகையைப் படிச்சுட்டு உட்காருங்க. உள்ளூர்க்காரர்கள் எந்தப் பெஞ்சில் நெருக்கியடிக்கிறார்களோ அங்கே போங்க. உங்க காசு எந்தச் சட்டிக்குப் போகுதோ, அந்தச் சட்டிதான் அடுத்த இடிப்பையும் தாண்டும்.

பாக்கெட்டில் வச்சுக்கங்க

● ஆயிரம் வோன், நம்ம காசில் சுமார் 60 ரூபாய். மார்க்கெட்டில் ஒரு அடை சுமார் 5,000. சூப்புக் கடையில் ஒரு சட்டி 15,000 வோனை ஒட்டி வரும்.

● கிம்ச்சி போன்ற தொட்டுக்கைகள் பெரும்பாலான கடைகளில் இலவசம். தீர்ந்தால் மறுபடி கேட்கலாம். டிப்ஸ் வைக்கும் பழக்கம் இல்லை.

● சைவக்காரர்கள் உஷார்! சாதாரணக் கிம்ச்சியில் மீன் சாறோ இறால் ஊறுகாயோ இருக்கும். கோயில் சாப்பாட்டில் மட்டும் இருக்காது.

● தனியாகப் போறீங்களா? இறைச்சி சுடும் கடைகளில் பெரும்பாலும் குறைந்தது இரண்டு பேருக்கு ஆர்டர் கேட்பார்கள். சூப்புக் கடையில் ஒற்றை ஆளுக்கும் ராஜ மரியாதை. தனியாகச் சாப்பிடுவதற்கு அங்கே 'ஹோன்பாப்' என்று பேரே உண்டு.

● பெரியவர் ஸ்பூனை எடுத்த பிறகு நாம் எடுக்கணும். வாங்கும்போதும் கொடுக்கும்போதும் இரண்டு கை. இது நமக்குப் பழக்கமானதுதானே, அசத்திடுங்க!