கேட்டருகே நில், தம்பி

"கோர்ட்டு உத்தரவு கையில இருக்கு பெரியப்பா. பாப்பாவைப் பார்த்து நாலு மாசம் ஆச்சு" என்று போன வாரம் நீ சொன்னாய். குடும்ப நீதிமன்றத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வக்கீலாக நின்றவன் நான். இதே பேச்சை எத்தனை அப்பாக்கள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொன்னார்கள் என்று கணக்கில்லை. சில அம்மாக்களும் சொல்லி அழுதிருக்கிறார்கள்.

நீ விட்டுச் சென்ற உத்தரவைப் படித்தேன். நகை யாருக்கு, பீரோ யாருக்கு என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. குழந்தைக்கு ஒரே வரி: தகப்பனார் நியாயமான முறையில் பார்த்துக்கொள்ளலாம். பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து வாங்குகிறவர்கள் 'சீக்கிரம் முடிந்தால் போதும்' என்ற அவசரத்தில் கையெழுத்துப் போடும் வரி அது. எது நியாயம்? எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த இடம், கூட்டிவருவது யார், முழுப்பரீட்சை லீவில் எத்தனை நாள், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் ஈடாக எந்த நாள்? இதெல்லாம் இல்லாத உத்தரவை பாப்பாவின் அம்மா மீறிவிட்டார் என்று எதை வைத்துக் காட்டுவாய்?

ஆகவே முதல் வேலை, உத்தரவைத் திருத்தி வாங்குவது. இந்து திருமணச் சட்டம் 26ஆம் பிரிவின்படி, தீர்ப்பு ஆன பிறகும் குழந்தை பற்றிய ஏற்பாட்டை மாற்றச் சொல்லி மனுப் போடலாம். போனில் பேசுவதையும் அதில் கேள். கூட இல்லாத பெற்றோருக்கு நேரில் பார்ப்பதோடு தினமும் ஐந்து, பத்து நிமிஷம் பேசவும் இடம் வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

அதற்குப் பிறகும் குழந்தையைக் காட்டவில்லை என்றால் நிறைவேற்று மனு. குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் 18ஆம் பிரிவு அதற்கு வழி விடுகிறது. வேண்டுமென்றே மீறினால் சொத்து ஜப்தி, சிவில் சிறை வரை போகலாம். நீதிமன்ற அவமதிப்பு வழக்கும் உண்டு. அதை ஒரு வருஷத்துக்குள் தொடுக்க வேண்டும். ஆறு மாதம் வரை சிறை என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் குழந்தைக்குச் சோறு போடும் கையை ஜெயிலுக்கு அனுப்ப எந்த நீதிபதிக்கும் லேசில் மனசு வராது. நான் பார்த்தவரை நடப்பது வேறு. சந்திப்பை நீதிமன்ற வளாகத்துக்கு மாற்றுவார்கள், கவுன்சலரைக் கூட உட்கார வைப்பார்கள், விட்டுப்போன நாட்களுக்கு ஈடு தருவார்கள். அடம் நீண்டால், குழந்தை யாரிடம் வளர்வது என்ற கேள்வியே திரும்ப மேசைக்கு வரும்.

இதற்கெல்லாம் சாட்சியம் வேண்டும். என் கட்சிக்காரர் ஒருவர் முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு மகள் இருந்த அப்பார்ட்மென்ட் கேட்டில் போய் நிற்பார். 'வந்திருக்கிறேன்' என்று ஒரு மெசேஜ். பதினொரு மணி வரை நின்றுவிட்டு, சத்தம் போடாமல் திரும்பிவிடுவார். நாற்பது பக்க நோட்டில் தேதி, நேரம், வாட்ச்மேன் சொன்ன பதில். பதினோரு தடவை இப்படி. எதிர்த்தரப்பு "இவர் வருவதே இல்லை" என்றபோது நான் வாதாடவில்லை, நோட்டை நீட்டினேன்.

அவருக்கு மகளைப் பார்க்க உத்தரவான பிறகு வேறொன்றைக் கற்றுக்கொண்டேன். ஏழு வயசுப் பெண் வளாகத்து அறையில் சுவரைப் பார்த்து முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். அந்த மனுஷர் "அம்மா என்ன சொல்லிக்கொடுத்தா?" என்று கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து ஒரு யானை வரைந்தார், அசிங்கமான யானை. அடுத்த வாரமும் யானை. மூன்றாவது வாரம் அவள் திரும்பி, "தும்பிக்கை தப்பு" என்று பென்சிலைப் பிடுங்கினாள்.

நீயோ மாமனார் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி ரகளை செய்தாய் என்று கேள்விப்பட்டேன். பள்ளிக்கூட வாசலில் இருந்து தூக்கிக்கொண்டு வந்துவிடலாமா என்று என்னிடமே கேட்டாய். அப்படிச் செய்த அன்றே உன் கேஸ் தலைகீழாகும், குழந்தையும் உன்னைக் கண்டு பயப்படும். இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதே. காட்ட மறுக்கிற எல்லாரும் வன்மத்தில் மறுப்பதில்லை. அடி வாங்கிய பெண் பயத்தில் மறுப்பாள். சந்திப்பால் குழந்தைக்குத் தீங்கு வரும் என்று தோன்றினால் அதைத் தடுக்க, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. உன் விஷயத்தில் அப்படி எதுவும் இல்லை என்று நம்புகிறேன். பாப்பாவின் அம்மா மனசில் என்ன இருக்கிறது என்று கவுன்சலர் முன்னால் ஒரு தடவை காதுகொடுத்துக் கேள்.

"அவ காட்டலேன்னா நானும் பணம் கட்ட மாட்டேன்" என்றாயே, அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. பார்ப்பது வேறு, பராமரிப்புப் பணம் வேறு. குழந்தையின் சாப்பாட்டையும் ஸ்கூல் பீஸையும் நிறுத்திவிட்டுப் பாசம் பேசுகிறவனை எந்த நீதிபதியும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். என் ஆபீஸுக்கு வந்த ஒருவர் ஐந்து மாசம் நிறுத்தினார். அதன் பிறகு ஒவ்வொரு வாய்தாவிலும் பாக்கியைப் பற்றித்தான் பேச்சு. பிள்ளையின் பெயரை எடுக்கவே ஒரு வருஷம் ஆனது.

மனு எழுத நம்ம ஜூனியரிடம் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை வரும்போது இந்த மாசப் பணம் கட்டிய ரசீதோடு வா.