பரணில் இருக்கும் சரித்திரம்

புரட்டாசி அமாவாசை நெருங்கிவிட்டால், கொலு வைக்கும் வீடுகளில் பரணுக்கு ஏணி சாத்தும் சத்தம் கேட்கத் தொடங்கும். தகரப் பெட்டிகள் கீழே இறங்கும். பழைய வேஷ்டித் துணியிலும் செய்திக் காகிதத்திலும் சுற்றி வைத்த பொம்மைகள் ஒவ்வொன்றாக வெளிவரும். பொம்மையைப் பார்ப்பதற்கு முன்பே, சுற்றியிருக்கும் காகிதத்தை வாசிக்க உட்கார்ந்துவிடும் ஒருவர் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. எங்கள் குடும்பத்தில் அது நான்தான். 1969-ஆம் வருஷம் மனிதன் சந்திரனில் கால் வைத்த செய்தியை நான் முதன்முதலில் படித்தது, ஒரு செட்டியார் பொம்மையின் முதுகிலிருந்துதான்!

பள்ளியில் சரித்திரம் போதிப்பது என் தொழில். கல்வெட்டு, செப்பேடு, நாணயம் என்று ஆதாரங்களை மாணவிகளுக்கு அடுக்கிச் சொல்கிறேன். ஆனால் சாதாரணக் குடும்பங்கள் கல்வெட்டுப் பொறிப்பதில்லை, நாணயமும் அடிப்பதில்லை. அவற்றின் சரித்திரம் இம்மாதிரிப் பெட்டிகளில்தான் தங்குகிறது. கடையில் வாங்கிய பொம்மைகளைவிட, வீட்டில் செய்தவற்றில்தான் அது அதிகமாகத் தங்குகிறது என்பது என் அபிப்பிராயம்.

வாங்கிய பொம்மைகளை நான் குறை கூறுவதாக நினைக்க வேண்டாம். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையின் ஒய்யாரம் நம் கைக்கு வராது. கொண்டபள்ளியில் இலேசான மரத்தில் குடைந்து, புளியங்கொட்டைப் பசையும் மரத்தூளும் சேர்த்து அங்கங்களை ஒட்டும் வித்தை பரம்பரையாக வருவது. பண்ருட்டியிலும் மதுரையை அடுத்த விளாச்சேரியிலும் மண் பொம்மை செய்யும் குடும்பங்கள் நாம் வாங்குவதை நம்பித்தான் பிழைக்கின்றன. இப்பொழுது கல்யாண ஊர்வலம், கிரிக்கெட் ஆட்டம், ஆஸ்பத்திரி என்று முழு ஸெட்டாகவே பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். (ஆஸ்பத்திரியைக் கொலுவில் வைத்துச் சுண்டல் கொடுப்பது எனக்குச் சற்று விசித்திரமாகத்தான் இருக்கிறது.)

எங்கள் கும்பகோணத்து வீட்டில், வருஷத்துக்கு ஒரு பொம்மையாவது வீட்டில் செய்தாக வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது. ஆவணி மாதத்தில் பழங்காகிதத்தைக் கிழித்துத் தண்ணீரில் ஊறப்போடுவோம். மூன்று நாளில் அது பஞ்சுபோல் ஆகிவிடும். ஊறிய வெந்தயத்தைச் சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைப்போம். வெந்தயம் கூழுக்குப் பிடிப்பும் கொடுக்கும், பூச்சியையும் அண்டவிடாது. கூழை உருவாக்கி நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். பிறகு சுண்ணாம்பு பூசி, வர்ணம் தீட்டி, துணி உடுத்துவது. துணி ஒட்டும் பசையில் சிறிது மயில்துத்தம் கலப்பார்கள். ஆகையால் குழந்தைகள் அந்தக் கிண்ணத்தின் பக்கமே போகக் கூடாது. கொலுப் படிக்குக் கீழே, தாம்பாளத்தில் மண் பரப்பிக் கேழ்வரகும் கடுகும் தெளித்து வயல் முளைக்க வைப்பதே எங்களுக்கு விட்ட இலாகா.

இவ்வாறு செய்த பொம்மைகளுக்குள் மூத்தது ஒரு காந்தி. மகாத்மா மதுரையில் அரைத்துணி உடுத்தத் தொடங்கியது 1921-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி. அதை அடுத்து வந்த நவராத்திரிக்கு என் தகப்பனாரின் பாட்டி அந்தப் பொம்மையைச் செய்தாராம். அப்பொழுது அவருக்குப் பதினாறு வயது. காந்தியை அவர் நேரில் பார்த்ததில்லை. ஆகவே பொம்மையின் முகம் பெரும்பாலும் அவருடைய மாமனாரின் முகமாகவே அமைந்துவிட்டது என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். இடுப்பில் இருப்பது அசல் கதர். மூக்கு இரண்டு முறை உதிர்ந்து இரண்டு முறை ஒட்டப்பட்டது. ஒரு மூக்கு என் பாட்டியின் கைவேலை. மற்றொன்று என் தாயாருடையது. அந்த மூக்கைப் பார்க்கும்போதெல்லாம் தலைமுறைகளை எண்ணிக்கொள்ளலாம்.

இரண்டு வருஷங்களுக்கு முன் அந்த வீடு விலையாயிற்று. அண்ணா, நான், தம்பி மூவரும் நிலபுலன்களைப் பிரித்துக்கொண்டதில் சிரமமே இல்லை. சிரமம் கொலுப் பெட்டியைத் திறந்தபோதுதான் வந்தது. தஞ்சாவூர்ப் பொம்மைகளுக்கும் தசாவதாரத்துக்கும் உடனே உரிமையாளர்கள் தோன்றினார்கள். என் தாயார் கல்யாணத்துக்கு வந்த மரப்பாச்சி ஜோடியைப் பிரிப்பதற்கில்லை. அது மூத்த மருமகளுக்குப் போயிற்று. காகிதக்கூழ்ப் பொம்மைகள் மாத்திரம் கூடத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. ஒன்றுக்குக் காதில்லை, ஒன்றுக்கு வர்ணம் போய்விட்டது. "இதையெல்லாம் ஆற்றில் விட்டுவிடலாமே!" என்றது ஒரு குரல். யாருடைய குரல் என்று எழுதமாட்டேன். அவரும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்.

அம்மா கோபிக்கவில்லை. காந்தியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "இவரை யார் செய்தது என்று உங்கள் குழந்தைகளுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. நாங்கள் மூவரும் அதை அவர்களுக்குச் சொன்னதே இல்லை.

அந்தப் பொம்மைகள் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன, அம்மாவும் வந்தார். எங்கள் ஜாகையில் ஒன்பது படிக்கு இடமில்லை, மூன்று படிதான். சென்ற ஆவணியில் நாங்கள் ஒரு வேலையை ஆரம்பித்தோம். சாயங்காலம் அம்மா ஒவ்வொரு பொம்மையாகக் கையில் எடுத்து, செய்தவர் யார், எந்த வருஷம், அந்த வருஷம் வீட்டில் நடந்ததென்ன என்று சொல்லுவார். நான் நோட்டுப் புஸ்தகத்தில் எழுதுவேன். என் பெண் சிறு சீட்டில் அதைச் சுருக்கி எழுதிப் பொம்மையின் அடியில் ஒட்டுவாள். பெரும்பாலும் இரண்டு பொம்மைக்கு மேல் நகராது. குதிரைப் பொம்மையிலிருந்து அத்தையின் கல்யாணத்துக்குப் போய், அங்கிருந்து காவேரி வெள்ளத்துக்குப் போய், மறுபடி குதிரைக்குத் திரும்புவதற்குள் இரவுச் சாப்பாட்டு வேளை வந்துவிடும்.

குடத்தை இடுப்பில் வைத்த ஒரு பெண் பொம்மைக்கு வந்தபோது அம்மா வெகுநேரம் பேசவில்லை.

"தெரியவில்லையடி. என் மாமியார் சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் மறந்துபோயிற்று" என்றார்.

அம்மாவின் கை இப்பொழுது நடுங்குகிறது. ஆகையால் கூழ் பிசைவது என் பெண். பதம் சொல்வது பாட்டி. "இன்னும் கொஞ்சம் இறுக்கமாகப் பிசை, குழந்தே. விரலில் ஒட்டக் கூடாது." சென்ற வருஷம் இருவரும் சேர்ந்து ஒரு கிளி செய்தார்கள். அது கிளியா, காக்கையா என்று அண்ணா கேட்டதற்கு அவளுக்கு ஒரு நாள் முழுவதும் கோபம். இந்த வருஷம் தம்பி குழந்தைகளும் வந்திருக்கிறார்கள். வாளியில் காகிதம் ஊறிக்கொண்டிருக்கிறது.

குடம் சுமக்கும் அந்தப் பெண்ணைக் கீழ்ப்படியில் வைத்திருக்கிறோம். அடியில் சீட்டு ஒட்டியாயிற்று. ஆனால் அதில் எழுத்து இல்லை. கொலுவுக்கு வரும் வயதான உறவினர்களிடமெல்லாம் என் பெண் அதை எடுத்துக் காட்டி, "இது யார் செய்தது, தெரியுமா?" என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.