வியர் நதிக்கரையில் ஒரு வாயில்காவலன்

தமக்கையார் மகளின் திருமணத்தை முன்னிட்டுத் தை மாதக் கடைசியில் நாம் இலண்டன் செல்ல நேர்ந்தது. புறப்படுவதற்கு முதல்நாள் மாலை அயல் வீட்டு அம்மையார் ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். அவருடைய மகன் எம்மிடம் தமிழ் பயின்றவன். இப்போது இங்கிலாந்தின் வடபாலுள்ள டரம் நகரிற் பட்டமேற்படிப்புப் படிக்கிறான். "இரவிலை ஏதோ வேலைக்குப் போறானாம் மாஸ்ரர். விபரம் கேட்டால் மழுப்பிறான். ஒருக்காப் போய்ப் பார்த்துக்கொண்டு வாருங்கோ" என்றார். தாயொருத்தியின் வேண்டுகோளைத் தட்ட எமக்கு மனம் வரவில்லை.

இலண்டனிலிருந்து டரம் ஏறக்குறைய மூன்று மணி நேரப் புகையிரதப் பயணம். உயர்ந்த கற்பாலமொன்றின் மேல் வண்டி ஊர்ந்து நிலையத்தை அணுகும்போதே, எதிர்க்குன்றின் மேலே பேராலயமும் கோட்டையும் தோன்றுகின்றன. வியர் என்னும் ஆறு அக்குன்றை மூன்று புறமும் வளைத்து ஓடுகிறது. 1093இல் அத்திவாரமிட்ட பேராலயம் அது. கோட்டையிலோ இன்று மாணவர்கள் குடியிருக்கின்றனர்! 1832இல் தோன்றிய பல்கலைக்கழகத்துக்கு அதனை விட்டுக்கொடுத்துவிட்டார்கள். கல்லூரி என்று இவ்வூரார் சொல்வது பெரும்பாலும் மாணவர் உண்டு உறங்கும் இல்லத்தை, படிப்பிப்பது பல்கலைக்கழகம். இதனை விளங்கிக்கொள்ள எமக்கு அரை நாள் சென்றது.

நிலையத்துக்கு வந்திருந்த எம் மாணவன் நேரே பேராலயத்தின் வடக்கு வாசலுக்கு எம்மை அழைத்துச் சென்றான். அங்கே கதவிலே சிங்கம் போன்ற ஒரு விலங்கின் முகம், வாயில் வளையமொன்றைக் கவ்வியபடி இருக்கிறது. முற்காலத்தில் குற்றஞ் செய்து ஓடிவருவோன் அவ்வளையத்தைத் தட்டினால், மேலறையிற் காத்திருப்போர் இறங்கிவந்து கதவு திறப்பார்களாம். உள்ளே புகுந்தவனுக்கு 37 நாள் அடைக்கலம். அதற்குள் அவன் பகைவரோடு இணங்கவேண்டும். இன்றேல் நாட்டை விட்டு நீங்கவேண்டும். இப்போது கதவிலிருப்பது 1980இற் பொருத்திய படி. பழைய வளையம் உள்ளே காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

"நானும் இந்த ஊரிலை ஒரு வாசலிலைதான் நிற்கிறன், சேர்" என்றான் பையன். "என்ன வாசல்?" என்றோம். "மதுச்சாலை."

எமக்குச் சுருக்கென்றது. தவறணை இருக்கும் தெருவால் போகாதே என்று சொல்லி வளர்த்த வீட்டுப் பிள்ளை! எம் முகத்தைக் கண்டதும், காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களும் இளமையிற் புவனஸ் அயர்சில் இதே வேலை பார்த்ததாக 2013இற் கூறியிருக்கிறார் என்று ஒரு சான்று காட்டினான். நாம் சைவர்கள் என்பதை அவனுக்கு நினைவூட்டினோம். அதற்கு அவன் சிரித்தானேயன்றி விட்டுக்கொடுக்கவில்லை.

இவ்வேலையாளைப் பேச்சு வழக்கிற் பவுன்சர் என்கிறார்கள். எம்மூர்க் கிரிக்கெட் பிள்ளைகள் அச்சொல்லை வேறு பொருளில் அறிவர். சட்டம் அப்பெயரைச் சொல்வதில்லை. வாயில் மேற்பார்வையாளர் என்றே சொல்லும். 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி அநுமதிப்பத்திரம் இன்றி எவரும் அவ்வாறு நிற்க முடியாது. அதற்குமுன் பயிற்சி உண்டு. சச்சரவைச் சொல்லாலே தணிப்பது எப்படி, நோகாமல் ஒருவனைப் பிடிப்பது எப்படி என்றெல்லாம் கற்பிக்கிறார்கள். 2021 தொடக்கம் முதலுதவியும் கட்டாயமாயிற்று. எம் பையன் கொழும்பிலிருந்து பொலிஸ் நற்சான்றிதழும் எடுப்பித்துக் கொடுத்தானாம். மாணவ விசாவில் வந்தவன் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தல் ஆகாது. ஆகவே வெள்ளி, சனி, புதன் என மூன்று இரவுகள். புதன் எதற்கென்று வினவினோம். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களிற் புதன் பிற்பகல் விளையாட்டுக்கென ஒதுக்கப்படுவது வழக்கம். ஆட்டம் முடிந்தபின் அன்றிரவே மாணவர் கூட்டம் மிகுதியாம்.

நாம் சென்றதும் ஒரு புதன்கிழமையே. மாலையில் ஆற்றங்கரைக்குக் கூட்டிச் சென்று, அங்குள்ள வேலிகளையும் விளக்குகளையும் காட்டினான். 2013 ஒக்டோபருக்கும் 2015 ஜனவரிக்கும் இடையில் மாணவர் மூவர் இந்த ஆற்றிலே வீழ்ந்து மாண்டனர். வெவ்வேறு இரவுகளில், வீடு திரும்பும் வழியில். அதன் பின்னரே ஊர் விழித்துக்கொண்டது. பகலிலே பார்த்தால் வல்லைவெளித் தரவை போல அமைதியான நீர், அச்சப்பட எதுவுமில்லை.

இரவு பத்து மணிக்கு மேல், மதுச்சாலைக்கு எதிர்த் தாழ்வாரமொன்றில் ஒதுங்கி நின்று பார்த்தோம். கறுப்பு மேலங்கி, கையிலே அநுமதிப்பத்திரம் செருகிய பட்டி, காதிலே சிறு கருவி. உட்செல்வோரை ஒவ்வொருவராய் எண்ணுகிறான். இளமுகமாயிருந்தால் பதினெட்டு நிரம்பியதற்கு அத்தாட்சி கேட்கிறான். நெடுநேரம் வேறொன்றும் நிகழவில்லை. குளிர் மட்டும் எலும்பிலே இறங்கிக்கொண்டிருந்தது. அதியமானின் வாயிலோனை ஔவையார் சினந்துகொண்டதை எத்தனையோ ஆண்டுகளாக வகுப்பிற் படிப்பித்திருக்கிறோம். எப்போதும் புலவர் பக்கம் நின்றுதான். அந்த வாயிலோனுக்குக் குளிர்ந்திருக்குமோ என்று ஒருநாளேனும் எண்ணியதில்லை.

நள்ளிரவுக்குச் சற்று முன்னர்த் தள்ளாடியபடி ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை வந்தான். பையன் கையை மார்பளவில் உயர்த்தி மறித்தான். வந்தவன் அவனைப் பெயர் சொல்லி அழைத்தான். இருவரும் ஒரே வகுப்பாம்! முதலிற் கெஞ்சினான், பிறகு ஏசினான். நிறத்தைக் குறித்தும் ஒரு சொல் வந்தது. பையனின் முகம் மாறவில்லை. எமக்குத்தான் கை நடுங்கியது. ஏசி ஓய்ந்தவன் திரும்பிச் சரிவிலே இறங்கத் தொடங்கினான். அது ஆற்றுக்குச் செல்லும் வழி.

கூட நின்ற காவலனிடம் வாசலை ஒப்புவித்துவிட்டு நாலே எட்டில் அவனைத் தோளிற் பிடித்துத் திருப்பிக்கொண்டு வந்தான் பையன். படியிலே இருத்தி, ஒரு போத்தல் தண்ணீரைக் கையிற் கொடுத்தான். பின்பு எம்மை நோக்கி, "சேர், இவன்ரை சிநேகிதர் வருமட்டும் கொஞ்சம் பக்கத்திலை இருங்கோ. எனக்கு வாசலை விடேலாது" என்றான்.

மதுச்சாலைப் படியில், மதுவுண்டவன் அருகில், நாற்பத்தேழு வயதில் நாம் உட்கார்ந்தோம். அப்பிள்ளை எம்மை உற்றுப் பார்த்து, "அவனுடைய தகப்பனா?" என்று கேட்டான். ஆசிரியர் என்றோம். ஏதோ நினைத்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டான். தோழர் இருவர் வந்து அவனைக் கைத்தாங்கலாய் அழைத்துச் செல்ல முக்கால் மணி நேரமாயிற்று.

அதிகாலை மூன்று மணிக்கு அறைக்கு நடந்தோம். "வெளியிலை விடுறது அரை நிமிச வேலை, சேர். விட்டாப் பிறகு எந்தப் பக்கம் போறான் எண்டு பார்க்கிறதுதான் பெரிய வேலை" என்றான் பையன். அச்சொல்லை மன்னித்துவிட்டீரா என்று கேட்டோம். "நாளைக்குப் பக்கத்திலை இருப்பான். பார்ப்பம்" என்றான். ஒன்பது மணிக்கு அவனுக்கு விரிவுரை. நாம் எழுந்தபோது படுக்கை மடித்திருந்தது, ஆளில்லை.

ஊர் திரும்பிய மறுநாளே அம்மையார் வந்துவிட்டார். அவரிடம் எதனைச் சொல்வது, எதனை விடுவது என்று விமானத்திலேயே யோசித்து முடிவுகாண மாட்டாதிருந்தோம். "பிள்ளை என்ன வேலை பார்க்குது, மாஸ்ரர்?"

"இரவிலே ஒரு வாசலிற் காவல் நிற்கிறார்" என்றோம்.

எந்த வாசல் என்று அவர் கேட்கவில்லை. "வெளியிலையே நிற்கிறது? குளிருமே?" என்றார்.

குளிரும் என்றோம். கம்பளிக் கையுறை ஒரு சோடி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்ததையும் சொன்னோம்.